நாம் வாழும் குளுவாங்

உலக நாடுகளின் தலைநகரங்களையும் நெடிய ஆறுகளையும் நம் மாணவர்கள் மனப்பாடமாகக் கூறுவர். ஆயின், நாம் வாழும் ஊரின் வரலாறு யாதெனக் கேட்டால், பெரியவர்களாகிய நாமும் சற்றுத் தயங்குகிறோம். அக்குறையைச் சிறிதேனும் போக்கும் எண்ணத்துடன் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியில், ஜொகூர் பாருவிற்கு வடக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது குளுவாங். 'கெலுவாங்' என்னும் மலாய்ச் சொல் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும். முற்காலத்தில் அவை இங்குக் கூட்டங்கூட்டமாக வாழ்ந்தமையால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். 510 மீட்டர் உயரமுள்ள லம்பாக் மலை ஊருக்குக் காவல்போல் நிற்கிறது. மெங்கிபோல் ஆறு ஊரினூடே ஓடுகிறது.

இவ்வூரை வளர்த்தது இரயில் பாதையாகும். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவுற்றது. காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் அத்தோட்டங்களில் குடியேறிப் பால்மரம் சீவினர். 1938இல் இரயில் நிலையத்தில் தொடங்கப்பெற்ற காப்பிக்கடை, குளுவாங்கின் பெயரை வெளியூர்களுக்கும் எடுத்துச் சென்றது. 1942இல் ஜப்பானியத் தளபதி யமஷித்தா இங்குத் தலைமையகம் அமைத்திருந்தார்.

இவற்றைப் பலர் அறிவர். பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அது நம் செம்பனைத் தோட்டங்களைப் பற்றியது.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. ஒரே மரத்தில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் வெவ்வேறு காலங்களில் தோன்றும். ஆகவே, ஒரு மரத்தின் மகரந்தம் வேறொரு மரத்தின் பெண் பூவைச் சென்றடைதல் வேண்டும். இல்லையேல் காய் பிடிக்காது. காற்றே இப்பணியைச் செய்வதாக அறிஞர் நெடுங்காலம் எண்ணினர். ஆனால் நம் நாட்டில் காய்ப்பு போதவில்லை. எனவே தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று, முள் நிறைந்த மட்டைகளுக்கிடையே கைவிட்டு, மகரந்தப் பொடியைப் பெண் பூக்களின்மீது தூவி வந்தனர்.

பாக்கிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ஆர். ஏ. சையத், கெமரூன் நாட்டில் ஆராய்ந்து, அங்கு இவ்வேலையைச் செய்வது அரிசிமணியிலும் சிறிய ஒரு கூன்வண்டே என நிறுவினார். அவ்வண்டு ஆண் பூவில் வாழ்ந்து இனம் பெருக்கும். பெண் பூ விரியும்போதும் ஆண் பூவைப் போன்ற சோம்பு மணமே எழுவதால், அங்கும் சென்று அமரும். அதன் உடலில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிரும். வேறு பயிர்களுக்குத் தீங்கு செய்யாதெனச் சோதித்தறிந்த பின்னர், 1981 பிப்ரவரியில் இவ்வண்டுகள் குளுவாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் விடப்பெற்றன. ஓரிரு ஆண்டுகளில் தீபகற்பமெங்கும் பரவின, காய்ப்பு பெருகிற்று. கையால் மகரந்தம் தூவும் வேலையும் நின்றுபோயிற்று.

கடும் உழைப்பு நீங்கியது நன்மையே. ஆயினும் அவ்வேலைக்குரிய கூலியும் உடன் நீங்கியது என்பதை மறத்தலாகாது. இவ்வரலாற்றைக் கூறும் நூல்களில் வண்டின் பெயர் உண்டு. அறிஞரின் பெயரும் உண்டு. வண்டு வருமுன் அதன் வேலையைச் செய்த கைகளின் பெயர்களை நாம் எங்குத் தேடுவது?

மாணவச் செல்வங்களே! அக்கைகள் உங்கள் தாத்தா பாட்டியின் கைகளாகவும் இருக்கலாம். 1970களில் இளைஞராய் இருந்தோர் இன்று முதியோர். தோட்டத்துக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்துவிட்டன. 2025இல் மின்சார இரயிலும் குளுவாங்கிற்கு வந்துவிட்டது. இனி ஊரைவிட்டுச் செல்வது மேலும் எளிது; நினைவுகளும் உடன் சென்றுவிடும்.

ஆதலின், வரும் விடுமுறையில் வீட்டுப் பெரியோர் அருகே அமர்ந்து கேளுங்கள். எத்தோட்டத்தில் வேலை செய்தனர், என்ன வேலை, எவ்வளவு கூலி, உடன் உழைத்தோர் யார் என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெற்றோரும் துணை நிற்பீர்களாக. அக்குறிப்பேடுகள் ஒன்றுசேரின், அதுவே நம் குளுவாங்கின் முழு வரலாறாக அமையும்.