நின்ற மாதவிடாய்: முதல் மருந்து உணவு

அனோரெக்சியா போன்ற உண்ணல் கோளாறால் நின்றுபோன மாதவிடாயைக் கருத்தடை மாத்திரை கொடுத்து வரவழைப்பது எளிது. மாதந்தோறும் ரத்தப்போக்கைக் கண்டதும் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் மாத்திரை நிறுத்தப்படும் நாட்களில் ஹார்மோன் அளவு இறங்குவதால் கருப்பையின் உட்சவ்வு உதிர்வதுதான் அந்த ரத்தப்போக்கு. கருமுட்டை முதிர்ந்து வெளிவந்ததற்கு அது சாட்சி சொல்லாது. சிக்கலின் வேர் மூளையில் இருக்கிறது. உணவு குறைந்தால் கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் குறையும். பஞ்சகாலம் என்று புரிந்துகொள்ளும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி, விட்டுவிட்டு அனுப்பும் ஹார்மோன் துடிப்புகளைத் தளர்த்தும். பிட்யூட்டரியும் சினைப்பையும் அடங்கிப்போகும், ஈஸ்ட்ரோஜன் வற்றும். ஆரோக்கியமான இளம்பெண்களுக்கு 5 நாட்கள் உணவைக் குறைத்ததுமே இத்துடிப்புகள் தடுமாறியதை 2003-ல் வெளியான, ஆய்வாளர் ஆன் லௌக்ஸின் ஆய்வு காட்டியது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெப்டின் ஊசி போட்டபோது சிலருக்குக் கருமுட்டை வெளியானதை 2004-ல் மற்றோர் ஆய்வு பதிவுசெய்தது. ஆக, மூளைக்குப் போகவேண்டிய செய்தி, போதிய உணவு கிடைக்கிறது என்பதே.

எலும்பைக் காக்கவாவது மாத்திரை வேண்டாமா என்று கேட்கலாம். கவலை நியாயமானது, ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு மெலியும். ஆயினும், மாதவிடாயை வரவழைப்பதற்காகவோ எலும்பை வலுப்படுத்துவதற்காகவோ மட்டும் கருத்தடை மாத்திரை தருவதை அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. உணவும் மனநல ஆதரவும் உரிய காலம் கொடுத்தும் பலன் தராதபோது, தோல்வழி ஈஸ்ட்ரோஜனைச் சுழற்சி முறைப் புரோஜெஸ்டினுடன் குறுகிய காலம் தரலாம் என்கிறது.

எடை ஏறியும் மாதவிடாய் வரவில்லையே என்ற மனக்குறையும் உண்டு. 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்றபோது இருந்த எடையைவிடச் சராசரியாகச் சுமார் 2 கிலோ கூடிய பிறகே அது திரும்பியது. திரும்புவதற்கு உரிய எடையை எட்டியவர்களில் 86 சதவீதத்தினருக்கு 6 மாதங்களுக்குள் வந்தது. பழைய எடையை எட்டியதும் உணவை மறுபடி சுருக்குவதும், கடும் உடற்பயிற்சியும், மன அழுத்தமும் இந்தக் காத்திருப்பை நீட்டிக்கும். முதல் ரத்தப்போக்குக்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம் என்பதால், இடைக்காலத்தில் கருத்தரிக்க வாய்ப்புண்டு என்பதையும் மருத்துவர்கள் சொல்லியாக வேண்டும்.

அதேசமயம், மாதவிடாய் வந்துவிட்டதாலேயே நோய் தீர்ந்துவிடாது. நோய் முற்றியிருந்தும் சிலருக்கு அது நிற்பதில்லை. அதனால்தான் 2013-ல் மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு, அனோரெக்சியாவைக் கண்டறியும் நிபந்தனைகளிலிருந்து மாதவிடாய் நிற்பதை நீக்கியது. எனவே, “மாதவிடாய் வந்ததா?” என்று கேட்கும் வீட்டார், “பயமில்லாமல் சாப்பிட முடிகிறதா?” என்றும் கேட்கட்டும். இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வரும்வரை சிகிச்சை தொடர வேண்டும்.