சுட்டவரே சொன்ன கதை!

ஃபைனல் இயர் முடிச்சு, வேலையில சேர்ந்து ஆறு மாசம்னா உங்களுக்கு என்ன வயசு இருக்கும்? 21? செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பாலுக்கும் அதே வயசுதான். 1971 ஜூனில் 'பூனா ஹார்ஸ்' டாங்கிப் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். டிசம்பர் 16-ம் தேதி போர்க்களத்தில் உயிரை விட்டார்.

இந்தியா - பாகிஸ்தான் போர் தொடங்கியபோது அருண் அகமத்நகரில் டிரெய்னிங்கில் இருந்தார். அது பாதியில் நிற்க, நேராக மேற்கு எல்லைக்குக் கிளம்பினார்.

இடம்: ஷக்கர்கர் பகுதி, பசந்தர் ஆறு. வழியெல்லாம் பாகிஸ்தான் ராணுவம் புதைத்த கண்ணிவெடிகள். டிசம்பர் 15 இரவு, ராணுவ இன்ஜினீயர்கள் (ஆமாங்க, நம்ம சாதிசனம்தான்!) அவற்றை அகற்றிப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை முழுசா முடியும் முன்பே, நிலைமையின் அவசரம் கருதி டாங்கிகள் துணிந்து கடந்தன.

மறுநாள் காலை எதிரி டாங்கிகள் திரண்டு வந்தன. முன்னால் நின்ற படை உதவி கேட்க, அருண் விரைந்தார். கூட நின்ற டாங்கிகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. அருணின் டாங்கியும் அடிபட்டுத் தீப்பிடித்தது. 'வெளியே வந்துவிடு' என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, அதனால் வர மாட்டேன் என்றார் அருண். அன்று அவர் வீழ்த்திய டாங்கிகள் 4. கடைசியில் இன்னொரு குண்டு பாய்ந்தது...

அதே நாளில்தான் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்தது. மறுநாள் போர்நிறுத்தம். ஒரே ஒரு நாள்! அருணுக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

கதை இங்கே முடியலை. 2001-ல் அருணின் அப்பா, ஓய்வுபெற்ற பிரிகேடியர் எம்.எல்.கேத்தர்பால், தன் சொந்த ஊரான சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். அப்போது அவருக்கு வயது 81. லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர், அந்நாட்டின் ஓய்வுபெற்ற பிரிகேடியர் குவாஜா முகம்மது நாசர். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு, நாசர் அந்த உண்மையைச் சொன்னார். பசந்தரில் எதிரணியில் நின்றது தான்தான்; அருணைக் கொன்றதும் தன் கையால்தான். கூடவே, உங்கள் மகனின் வீரம் அசாத்தியமானது என்றும் சொன்னார்.

யோசிச்சுப் பாருங்க. அவர் வாய் திறக்காமலே இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது? ஆனால், பெற்ற தகப்பனிடம் அதை மறைக்க அந்த சோல்ஜருக்கு மனசு வரலை. கேட்ட அப்பாவும் சோல்ஜர். வெறுப்பைச் சுமந்துகொண்டு அவர் ஊர் திரும்பவில்லை.

ஒரு வீரனை நினைப்பதற்கு எதிரியைத் திட்டித்தான் ஆகணும்னு இல்லை. அவன் என்ன செய்தான்னு தெரிஞ்சுக்கிட்டாலே போதும்.

டிசம்பர் 16, வெற்றி தினம். அன்னிக்கு ஒரு 'சல்யூட்' மெசேஜை ஃபார்வர்டு பண்றதோட நிறுத்திடாதீங்க. ஹாஸ்டல் ரூம்ல நாலு பேரை உட்காரவெச்சு அருணோட கதையைச் சொல்லுங்க. சுட்டவரே மறக்காததை நாம மறக்கலாமா?