தகவல் துளி: பாறையில் இசை, இசைக்குள் கணக்கு

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் வழியில் உள்ளது திருமயம். அங்குள்ள சத்தியகிரீசுவரர் குடைவரைக் கோயிலில் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் அதன் மேலேயே வேறொரு சாசனத்தைப் பொறித்ததால் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சிய எழுத்துகளில் 'பரிவாதினி' என்ற வீணையின் பெயரை இன்றும் படிக்கலாம். இதே புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் இத்தகைய கல்வெட்டு ஒன்று, சுரவரிசைகளோடு ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்திருக்கிறது.

இந்தச் சுரங்கள் கல்வெட்டு அறிஞருக்கும் இசைவாணருக்கும் மட்டும் உரியவை அல்ல. ஏழு சுரங்களையும் ஒன்றுகூடத் திரும்ப வராமல் எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாம்? 5,040 விதமாக! 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் தம் 'சங்கீத ரத்னாகரம்' நூலில் இதைக் கணக்கிட்டார். வரிசை எண்ணைச் சொன்னால் சுர அடுக்கையும், அடுக்கைச் சொன்னால் எண்ணையும், முழுப் பட்டியலை எழுதாமலே கண்டறியும் வழியையும் தந்தார். இன்றைய கணினி நிரல்களிலும் இதே வகைக் கணக்கு பயன்படுகிறது. சென்னைக் கணிதக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். ஸ்ரீதரன் உள்ளிட்ட கணித அறிஞர்கள் சார்ங்கதேவரின் இந்த முறையை ஆராய்ந்து எழுதியுள்ளனர். கணிதத்துக்கு அப்பால், அந்தச் சுரங்களை நம் காதும் மனமும் எப்படி இனங்கண்டு நினைவில் வைக்கின்றன என்பது உளவியலின் கேள்வி.

கல்லூரியில் எந்தத் துறையைப் படிக்கும் மாணவருக்கும் திருமயத்திலும் குடுமியான்மலையிலும் ஆராய ஒரு கேள்வி உண்டு. ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். கல்வெட்டைத் தொடாமல், கீறாமல் பாருங்கள்.