கணிதத்தில் தவறிய பிள்ளை

கற்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள் அவள். வயது 17. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போனாள். பெறுபேறு வரும்வரைதான் என்று பேச்சு. பெறுபேறு வந்தது; கணிதத்தில் சித்தியில்லை. வாடி வேலையே நிலைத்துவிட்டது.

"இனி என்ன மாமி, படிப்பு முடிஞ்சி போச்சி" என்றாள். விரலெல்லாம் உப்பு வெடிப்பு.

தாய்மாரே, முடியவில்லை. கட்டாயக் கல்வி வயது 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டமோ, சாதாரண தரத்தில் தவறியவர்களும் 12ஆம் தரத்தில் தொழிற்பாடம் படிக்க வழி திறந்தது. எல்லாப் பாடசாலையிலும் அது இல்லை, விசாரிக்கத்தான் வேண்டும். தொழிற்பயிற்சி அதிகாரசபையில் சாதாரண தரச் சித்தி கேட்காத பயிற்சிகளும் உண்டு. முடித்துத் தேறினால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும்.

இதையெல்லாம் அவளுடைய உம்மாவிடம் சொன்னேன். "புத்தளம் வரை பஸ்ஸில தனியா எப்படி ராத்தா அனுப்புற?" என்றார். அதுவும் நியாயமான பயம்தான். ஆனால் இருட்டோடு இருட்டாக மகனைக் கடலுக்கு அனுப்பும் வீடு அது.

அடுத்த ஒழுங்கையிலும் ஒரு பிள்ளை சும்மா இருக்கிறாள். திங்கட்கிழமை இருவரையும் கூட்டிக்கொண்டு விண்ணப்பம் எடுக்கப் போகிறேன். உம்மாவும் வருகிறாராம்.