வீட்டுப் பக்கத்துக் காடு என்ன வேலை செய்கிறது?

நண்பகல் வெயிலில் தார்ச்சாலையை விட்டு மரங்கள் அடர்ந்த பாதைக்குள் நுழைந்தால், உடல் உடனே குளுமையை உணரும். நிழல் ஒரு காரணம். இன்னொரு காரணம் இலைகளில் இருக்கிறது.

வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதியை மரம் இலைத்துளைகள் வழியாக ஆவியாக வெளியேற்றுகிறது. இதுவே நீராவிப்போக்கு. இலைகள் நிறைந்த ஒரு கிளையை ஒளிபுகும் நெகிழிப் பையால் கட்டி, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். பைக்குள் நீர்த்துளிகள் தெரியும். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2.4 மில்லியன் ஜூல் வெப்பம் தேவை. அதே அளவு தண்ணீரைக் கொதிநிலைக்குச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் இது சுமார் 8 மடங்கு! அந்த வெப்பம் வெயிலிலிருந்தும் சுற்றுப்புறக் காற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அதனால்தான் குளுமை.

சிலாங்கூரில் உள்ள கோத்தா டாமன்சாரா சமூக வனப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 1898-இல் அரசிதழில் பதிவான சுங்கை பூலோ வனம் 6,000 ஹெக்டருக்கும் மேற்பட்டது. வீடமைப்புப் பகுதிகளும் சாலைகளும் வந்தபின் எஞ்சியதில் ஏறக்குறைய 321 ஹெக்டர்தான் இந்தப் பூங்கா. குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பின்னர், 2010-இல் இது நிரந்தர வனமாக அரசிதழில் பதிவானது.

இங்கே 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் சுமார் 32 மில்லியன் லிட்டர். இலைகள், சருகு, வேர் துளைத்த மண் ஆகியவை அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, மெதுவாக விடுகின்றன. அதே மழை சிமெண்டுத் தரையில் விழுந்தால் உடனே கால்வாய்க்கு ஓடும். திடீர் வெள்ளத்தைக் கண்ட கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

ஆனால் நகரக் காட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. சிறிய காட்டில் ஓரங்கள் அதிகம். அங்கே வெயிலும் காற்றும் நேரடியாகப் புகுவதால் மண் உலர்கிறது. குப்பையும் அத்துமீறலும் அந்த ஓரத்திலிருந்தே தொடங்குகின்றன. வனத்துறை அதிகாரிகள் எல்லா ஓரத்திலும் எந்நேரமும் நிற்க முடியாது. அந்த ஓரத்தில் குடியிருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். கோத்தா டாமன்சாராவில் வனத்துறையோடு சேர்ந்து தன்னார்வலர்கள் நடைபாதைகளைப் பராமரிக்கிறார்கள், மரம் நடுகிறார்கள்.

அரசிதழில் பதிவானதை நீக்கவும் முடியும் என்பதை மறவாதீர்கள். சிலாங்கூரில் அதற்கு முன்பாகப் பொது விசாரணை நடத்த வேண்டும் என்பது சட்டம். உங்கள் வட்டாரக் காட்டைப் பற்றி அப்படியோர் அறிவிப்பு வந்தால், பொறுமையாகப் படியுங்கள். நேரில் சென்று கருத்தைச் சொல்லுங்கள். அந்தக் காடு உங்கள் தெருவுக்குச் செய்யும் வேலையை அங்கே எடுத்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?