குளிர்காலமும் நம் ரத்தமும்

தில்லிக்குக் குடிவரும் நம்மவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ளும் காரியங்களில் ஒன்று, ஜன்னலை இறுக்கிச் சாத்துவது. ஊரில் மார்கழியிலும் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கும். இங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் கதவிடுக்கில்கூடத் துணியைச் செருகிவிடுகிறோம். சாத்திய அறைக்குள் கரி அங்கீட்டியை வைத்துக் குளிர்காய்வதும், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கேஸ் கீசரில் வெந்நீர் விடுவதும் பல வீடுகளில் நடக்கிறது. இவற்றால் குடும்பத்தோடு மாண்டவர்களைப் பற்றிய செய்திகள் குளிர்காலந்தோறும் பத்திரிகைகளில் வருகின்றன. "மூச்சு முட்டி இறந்தனர்" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அவர்களுக்கு மூச்சு தடைப்படவில்லை. கோளாறு நேர்ந்தது ரத்தத்தில். அது எப்படி என்று விளக்கவே இக்கட்டுரை.

ரத்தம் ஏன் வேண்டும்?

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் பிராணவாயு வேண்டும். இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைச் செலுத்துகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் பிராணவாயு எளிதில் கரையாது. லிட்டருக்கு 3 மில்லி லிட்டர்தான் கரையும். அப்படியானால் 5 லிட்டருக்கு 15. தேவையோ 250!

இந்தப் பற்றாக்குறையைத் தீர்ப்பவை சிவப்பணுக்கள். அவற்றில் நிறைந்துள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் உதவியால் ஒரு லிட்டர் ரத்தம் சுமார் 200 மில்லி லிட்டர் பிராணவாயுவைச் சுமக்கிறது. 5 லிட்டருக்கு 1000. அதில் கால் பங்குதான் செலவு, மீதி கையிருப்பு. மாடிப்படி ஏறும்போதும், பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும் இந்தக் கையிருப்புதான் கைகொடுக்கிறது.

நான்கு இருக்கைகள்

ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு பிராணவாயு மூலக்கூறுக்கான இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் அமைப்பைக் கண்டறிந்த மாக்ஸ் பெரூட்ஸுக்கு 1962-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

முதல் இருக்கையில் பயணி அமர்வதுதான் சற்றுக் கடினம். ஒருவர் அமர்ந்ததும் மூலக்கூறின் வடிவம் சிறிது மாறி, மற்றவர்கள் எளிதாக ஏறுகிறார்கள். இறங்கும்போதும் அப்படியே, ஒருவர் இறங்கினால் அடுத்தவர் இறங்குவது சுலபமாகிறது. உழைக்கும் தசையில் கரியமில வாயுவும் அமிலத்தன்மையும் மிகும். அங்கே ஹீமோகுளோபின் தன் பிடியை இன்னும் தளர்த்திக் கூடுதலாகப் பிராணவாயுவை இறக்கிவிடுகிறது. 1904-இல் இதைக் கண்டு சொன்னவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர். அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் தந்தை இவர். ஆக, ஏற்றிச் செல்வது பாதி வேலை. வேண்டிய இடத்தில் இறக்கிவிடுவது மறு பாதி.

இறங்காத பயணி

கரியோ கேஸோ போதிய காற்றின்றி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் கரிக்காது. சிலிண்டர் கசிந்தால் வரும் நாற்றம், எச்சரிக்கைக்காகவே எரிவாயுவில் கலக்கப்படுவது. எரிந்தபின் உண்டாகும் இந்த வாயுவுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது.

பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். காற்றில் பிராணவாயு 21 சதவீதம். அதே காற்றில் கார்பன் மோனாக்சைடு 0.1 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே, நேரம் செல்லச் செல்ல ஏறக்குறையப் பாதி இருக்கைகளை அது பிடித்துவிடும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நமது பெர்த்தில் வேறொருவர் படுத்திருந்தால் நாம் ஏற முடியாது. அது ஒரு தொல்லை. அவர் வழியையும் மறித்துக்கொண்டு, மற்றவர்களை நாக்பூரில் இறங்கவிடாமல் செய்தால்? கார்பன் மோனாக்சைடு இரண்டையும் செய்கிறது. மீதி இருக்கைகளில் உள்ள பிராணவாயுவும் இறங்க முடியாதபடி ஹீமோகுளோபினின் பிடி இறுகிவிடுகிறது. முதலில் தவிப்பவை மூளையும் இதயமும். கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

விரல் கருவி ஏமாற்றும்

2020, 2021 கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. "தலை சுற்றினால் விரலில் மாட்டிப் பார்த்துக்கொள்ளலாமே" என்று நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம். பிராணவாயு ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு. கார்பன் மோனாக்சைடு ஏறியதும் ஏறக்குறைய அதே சிவப்பு. ஒளியைக் கொண்டு அளக்கும் அந்தச் சாதாரணக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. உயிர் ஊசலாடும்போதும் அது 98 என்று காட்டலாம்.

செய்ய வேண்டியவை

அங்கீட்டியை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். தணல் சிவந்து, புகை அடங்கிவிட்டால் ஆபத்து நீங்கியது என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்தால் போதும் என்பதும் தவறு. இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம். தணலை வைத்துக்கொண்டு தூங்குவது கூடவே கூடாது.

கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்துங்கள். உள்ளேதான் இருக்கிறது என்றால், கதவைத் திறந்து வைத்து வாளியை நிரப்பி, கீசரை அணைத்து, சிறிது நேரம் காற்றாட விட்டபின் குளியுங்கள். கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலி எழுப்பும் கருவிகளும் விற்பனைக்கு உள்ளன.

வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்து, வெளியே போனதும் குறைகிறதா? உடனே சந்தேகப்படுங்கள். அடுப்பை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, அனைவரையும் வெளியே கொண்டுவந்து, மருத்துவமனைக்கு விரையுங்கள். அங்கீட்டியோ கீசரோ எரிந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வெறும் காற்றில் ரத்தத்திலுள்ள இந்த வாயு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரமாகும். முகமூடி வழியே தூய பிராணவாயு கொடுத்தால் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும்.

ஊரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் புதிதாக வந்து, ஒற்றை அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல இங்கே பெரியவர்கள் இருக்கமாட்டார்கள். உங்கள் மாடியிலோ தெருவிலோ அப்படி யாராவது இருந்தால், குளிர் தொடங்குமுன் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இரவு படுக்கும்போது ஜன்னலை ஒரு சாண் திறந்து வைக்கவும் சொல்லுங்கள். குளிருக்கு இன்னொரு ரஜாய் போர்த்திக்கொள்ளலாம்.