உஷார்! பிள்ளைக்கு ‘போஸ்ட்பயாடிக்’ வாங்கப் போகிறீர்களா?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் தாய்மார்களே, உஷார்! ‘போஸ்ட்பயாடிக்’ என்ற பெயரோடு குழந்தைப் பால் பவுடரும் சாஷேயும் உலகச் சந்தைக்கு வந்துவிட்டன. இணையக் கடை இருக்கும்போது நம் தெருவுக்கு வர எவ்வளவு நேரமாகும்? “எதிர்ப்புச் சக்தி கூடும், பேதி நிற்கும்” என்று யார் சொன்னாலும் அசந்துவிடாதீர்கள்.

உயிருள்ள நல்ல பாக்டீரியா புரோபயாடிக். அதைச் சூடுகாட்டிக் கொன்று, முழுதாகவோ துணுக்காகவோ கொடுத்தால் போஸ்ட்பயாடிக். சர்வதேச நிபுணர்கள் வகுத்த வரையறை வெளியானதே 2021-ல்தான். செத்த கிருமி வயிற்றில் பெருகாது, சரி. அதனால் பலன் உறுதி என்று ஆகிவிடாது. ஒரு வகை போஸ்ட்பயாடிக்கில் கிடைத்த பலன் இன்னொரு வகையில் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. உயிருள்ள கிருமி இல்லாத புளிக்கவைத்த பால் பவுடர்களைப் பற்றிப் பொதுமுடிவு சொல்ல ஆதாரம் போதாது என்று ஐரோப்பியக் குழந்தைநல நிபுணர் குழு 2007-லேயே சொல்லிவிட்டது.

முதல் ஆபத்து, இதை நம்பித் தாய்ப்பாலைக் குறைப்பது. லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைக்கும் வீட்டில் புட்டிப்பால் பேதிக்குப் போடும் அழைப்பு. பவுடரிலும் கிருமி இருக்கலாம். அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்வதும், இலவச சாம்பிள் கொடுப்பதும், டப்பாவில் குழந்தைப் படம் போடுவதும் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாம்பிள் நீட்டினால் வாங்காதீர்கள்.

இரண்டாவது ஆபத்து, பேதியின்போது சாஷேயை நம்பி நேரத்தை விடுவது. குழந்தையின் உயிரைப் பறிப்பது உடம்பில் நீர் வற்றுவதுதான். அதற்கு மருந்து ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் காய்ச்சி ஆறிய நீர் சரியாக ஒரு லிட்டர். அரை டம்ளரில் கொட்டிக் கலக்காதீர்கள். கூடவே ஜிங்க் மாத்திரை 14 நாள்: இரண்டு முதல் ஆறு மாதம்வரை 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. கைக்குழந்தைக்குக் கரண்டியில் தாய்ப்பால் பிழிந்து அதில் கரைத்துக் கொடுக்கலாம். பேதி நின்றாலும் 14 நாளை முடியுங்கள். ஓஆர்எஸ், ஜிங்க் இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.